தவறிய பாஸுக்குப் பின் பிள்ளையின் பார்வை எங்கே போகிறது?

விளையாட்டு உளவியல் ஆலோசகராகச் சிறார் கால்பந்து ஆட்டங்களுக்குச் செல்லும்போது, பந்தைவிட அதைப் பறிகொடுத்த பிள்ளையின் கண்களையே நான் அதிகம் கவனிக்கிறேன். பாஸ் தவறியதும் சிலர் பயிற்சியாளரின் முகத்தைப் பார்ப்பார்கள். வேறு சிலர், எந்த இடைவெளி அடைபட்டது, எந்தத் தோழர் தனித்து நின்றார் என்று களத்தைப் பார்ப்பார்கள். ஆட்ட அறிவு இந்த இரண்டாவது பார்வையிலிருந்துதான் சேர்கிறது.

கூடைப்பந்து பழகும் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து பிரெஞ்ச், தாமஸ் என்ற ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில், பந்தைக் கையாளும் திறனைவிட, எந்தச் சூழலில் என்ன செய்ய வேண்டும் என்ற புரிதலே ஒரு விளையாட்டுப் பருவத்துக்குள் வேகமாக வளர்ந்தது தெரியவந்தது. கை கால்கள் பழகும்வரை ஆட்டத்தைப் புரியவைப்பதைத் தள்ளிப்போடுவது சரியல்ல என்றே இதிலிருந்து நான் கொள்கிறேன்.

ஆனால் அந்தப் புரிதலுக்குக் குறுக்கே ஒரு நம்பிக்கை வந்து நிற்கும். ஏறத்தாழ 11, 12 வயதில்தான் பிள்ளைகள் முயற்சியையும் திறமையையும் தெளிவாகப் பிரித்தறியத் தொடங்குகிறார்கள் என்று உளவியலாளர் ஜான் நிக்கோல்ஸ் விளக்கினார். அதுவரை கடுமையாக முயல்பவரே திறமைசாலி என்று எண்ணிய பிள்ளைக்கு, முயன்றும் தோற்றால் திறமை இல்லை என்றாகிவிடுமோ என்ற அச்சம் அப்போது முளைக்கிறது. திறமை பிறவியிலேயே அமைந்தது என்று நம்பும் பிள்ளைக்கு, “நான் எங்கே நின்றிருக்க வேண்டும்?” என்ற எளிய கேள்விகூடக் குறையை ஒப்புக்கொள்வதாகத் தோன்றும், கேட்காததால் தெரியாமலே போகும்.

என்னிடம் வந்த ஒரு சிறுவன் 12 வயதில் அணியிலேயே அதிவேகமாக ஓடுபவன். வேகத்துக்காக மட்டுமே பாராட்டப்பட்டவன். 15 வயதில் மற்றவர்களும் வளர்ந்து அவன் வேகத்தை எட்டியபோது, பந்து வருமுன் சுற்றிலும் பார்க்கும் பழக்கமே அவனிடம் இல்லை என்பது வெளிப்பட்டது. அவனுக்கு ஆர்வம் குறையவில்லை, ஆனால் அது முழுவதும் பிறரை முந்துவதிலேயே இருந்தது. அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அப்படிப் பழக்கியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

பயிற்சியாளரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே: தவறு நேர்ந்தால் தீர்ப்புச் சொல்லாமல், “அப்போது உனக்கு என்ன தெரிந்தது?” என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். முதல் சில வாரங்கள் அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். பிறகு ஒருநாள், யாரும் கேட்காமலே ஓடிவந்து, “இடப்பக்கம் ஒருவன் இருந்தான், நான் பார்க்கவில்லை” என்றான்.