பதினைந்தாம் நாள் நிலா, பதினாறாம் நாள் வட்டம்

2025 அக்டோபர் 6ஆம் தேதி இரவு சீனர்களுக்கு நடு இலையுதிர் விழா. சந்திர மாதக் கணக்கில் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள். மூன்கேக்கை நறுக்கிப் பகிர்ந்துகொண்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து முழுநிலவைப் பார்க்கும் இரவு அது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்களுக்கு லாந்தர் விழா என்று சொன்னால் உடனே புரியும். ஆனால் அன்று இரவு நிலா இன்னும் முழுதாக நிறையவில்லை. பெய்ஜிங் நேரப்படி மறுநாள் பகல் 11.47க்குத்தான் பௌர்ணமி நிறைவு. இதற்குச் சீனத்தில் ஒரு சொலவடையே உண்டு: பதினைந்தாம் நாள் நிலா பதினாறில்தான் வட்டமாகும். ஏன் இப்படி என்றும், சீனர்கள் நிலாவோடு சேர்த்துச் சொல்லும் ஐந்து பூதங்கள் எங்கிருந்து வருகின்றன என்றும் பார்ப்போம்.

காரணம் நாளை எண்ணும் விதத்தில் இருக்கிறது. பூமியிலிருந்து பார்க்கும்போது நிலா சூரியன் இருக்கும் திசைக்கு வந்து சேரும் கணம்தான் அமாவாசை. அந்தக் கணம் பெய்ஜிங் கடிகாரத்தில் எந்தத் தேதியில் விழுகிறதோ, அந்த முழு நாளும் சீன மாதத்தின் முதல் நாள். அதிகாலை 1 மணிக்கு விழுந்தாலும் சரி, இரவு 11 மணிக்கு விழுந்தாலும் சரி, முதல் நாள் முதல் நாள்தான். அங்கிருந்து வரிசையாக எண்ணிப் பதினைந்தாவது நாளில் விழா வைக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் போடுவோம். அமாவாசைக்கு அமாவாசை சராசரியாக 29.53 நாள். அதில் பாதி 14.765 நாள். முதல் நாள் நள்ளிரவிலிருந்து சரியாக 15 நாள் கழிந்ததும் பதினைந்தாம் நாள் முடிந்துவிடும். ஆக, சராசரிப்படி, முதல் நாளில் அமாவாசைக் கணம் காலை 5.38 மணிக்குள் வந்துவிட்டால்தான் பௌர்ணமி பதினைந்துக்குள் சிக்கும். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் பதினாறுக்குத் தள்ளிப்போகும். நாளில் முக்கால் பங்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சொலவடை சொன்னவர்கள் கண்ணால் பார்த்தே இதைப் பிடித்துவிட்டார்கள்.

2025இல் எட்டாம் மாதத்து அமாவாசை செப்டம்பர் 22 அதிகாலை 3.54க்கே வந்துவிட்டது. சராசரிப்படி அக்டோபர் 6 இரவு பத்தேகாலுக்கு நிலா நிறைந்திருக்க வேண்டும். பதின்மூன்றரை மணி நேரம் தாமதமானது ஏன்? நிலாவின் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகில் வரும்போது வேகமாகவும், விலகிப் போகும்போது மெதுவாகவும் நகரும். அந்த அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவே, செப்டம்பர் 26 வாக்கில், நிலா தன் பாதையின் மிகத் தொலைவான முனையில், நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி இருந்தது. அதனால் அந்த அரைச் சுற்று நீண்டுவிட்டது. இப்படி அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்கு ஆகும் காலம் 14 நாளுக்குச் சற்றுக் குறைவு முதல் பதினைந்தரை நாளுக்குச் சற்று மேல் வரை மாறும்.

நம் பஞ்சாங்கத்தில் இந்தச் சிக்கல் வேறு விதமாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது. திதி என்பது நாள் எண்ணிக்கை கிடையாது, கோணம். நிலா சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. பௌர்ணமித் திதி 180 பாகையில் முடியும், அந்தக் கணம்தான் வானத்து முழுநிலவு. சீனர்கள் நாளை முழுதாக எண்ணுகிறார்கள், நாம் கோணத்தை அளக்கிறோம். இரண்டும் ஒரே நிலாவுக்கான நேர்மையான கணக்குகள்.

சரி, நிலாவுக்கும் ஐந்து பூதங்களுக்கும் என்ன தொடர்பு?

சீனத்தில் ஐந்து பூதங்களின் பெயர் வூ சிங். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து. நம் பஞ்சபூதத்தில் இருக்கும் காற்றும் ஆகாயமும் இதில் இல்லை, மரமும் உலோகமும் இருக்கின்றன. 'சிங்' என்ற சொல்லுக்கு நடப்பது, நகர்வது என்று பொருள். அதனால் பொருள்களின் பட்டியலாக அல்லாமல், ஒன்று இன்னொன்றாக மாறிச் செல்லும் கட்டங்களாக இவற்றைப் பார்ப்பதே சரி. மரம் எரிந்து நெருப்பாகும், நெருப்பு சாம்பலாகி மண்ணைச் சேரும், மண்ணிலிருந்து உலோகம், உலோகத்தின் மேல் நீர் கோக்கும், நீர் மரத்தை வளர்க்கும். கோள்களுக்கும் இதே பெயர்கள்தான். புதன் நீர் விண்மீன், வெள்ளி உலோக விண்மீன், செவ்வாய் நெருப்பு விண்மீன், வியாழன் மர விண்மீன், சனி மண் விண்மீன்.

நிலாவுக்குக் கிடைத்த இடம் நீரின் பக்கம். அதன் பழைய பெயர் 'தாய் யின்', பெரும் யின். குளிர்ச்சியும் இருளுமான தன்மைக்குச் சீனத்தில் யின் என்று பெயர். இதை வைத்து ஜாங் ஹெங் என்ற வானியலாளர் எழுதியது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கி.பி. 78 முதல் 139 வரை வாழ்ந்தவர், 132இல் நிலநடுக்கத்தை உணரும் கருவி செய்தவர். சூரியன் நெருப்பைப் போன்றது, நிலா நீரைப் போன்றது என்று தொடங்குகிறார். நெருப்பு வெளியே ஒளியை வீசும், நீர் பிம்பத்தை உள்ளே ஏந்திக்கொள்ளும், ஆகவே நிலாவின் ஒளி சூரிய வெளிச்சம் பட்டுப் பிறப்பது என்று முடிக்கிறார். பூதங்களின் மொழியில் தொடங்கி, நிலாவுக்குச் சொந்த ஒளி கிடையாது என்ற சரியான முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார், அதுவும் ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்பே.

ஓரிடத்தில் மட்டும் உவமை பொருந்தாது. நிலா உண்மையிலேயே நீர்ப்பரப்பு போல வழவழப்பாக இருந்தால் நமக்கு வட்டமான தட்டு தெரியாது. ஒரு கண்ணாடிக் கோளத்தில் விளக்கு தெரிவது போல, கருத்த உருண்டையில் ஒரே ஒரு சின்ன ஒளிப்புள்ளிதான் தெரியும். தட்டு முழுக்க வெளிச்சமாகத் தெரியக் காரணம் அதன் மேலுள்ள சொரசொரப்பான தூசி. விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலை எவ்வளவு கருப்போ அவ்வளவு கருப்பு. இரவின் இருட்டில் பார்ப்பதால்தான் வெள்ளியாகத் தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அரைநிலாவின் ஒளி முழுநிலவில் பாதி இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். உண்மையில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அறுவடை முடிந்த வயலில் மாலை வெயில் முதுகில் அடிக்க நின்று பாருங்கள். எதிரே ஒவ்வொரு தாளின் நிழலும் அந்தத் தாளுக்குப் பின்னால் மறைந்துவிடும், வயல் பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் திரும்பினால் நிழல்கள் கண்ணில் பட்டு வயல் மங்கிவிடும். பௌர்ணமியன்று சூரியன் நமக்கு நேர் பின்னால். நிலாவின் கோடிக்கணக்கான தூசித் துகள்களும் பள்ளங்களும் தத்தம் நிழலை ஒளித்துக்கொள்கின்றன.

நிலாவை நீர் என்று சொன்னதற்கு இன்னும் பழைய சான்று கி.மு. 139இல் பேரரசர் வூவிடம் அளிக்கப்பட்ட ஹ்வாய்நான்சி நூலில் உண்டு. சூரியனைப் பார்த்த குழியாடி நெருப்பைத் தரும், நிலாவைப் பார்த்த 'ஃபாங்சூ' என்ற கலம் நீரைத் தரும் என்கிறது. முதலாவது, குழியாடியில் வெயிலைக் குவித்துப் பஞ்சைப் பற்றவைப்பது. இரண்டாவதும் நடக்கக்கூடியதுதான். மேகமில்லாத இரவில் ஒரு உலோகத் தட்டை வெளியே வைத்தால் அது தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதன் மேல் பனித்துளி கோக்கும். மேகம் இருந்தால் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், தட்டு அவ்வளவாகக் குளிராது. நிலா பளிச்சென்று தெரியும் இரவுகள் மேகமில்லாத இரவுகள்தானே. நிலா தெரிந்த இரவில் தட்டில் நீர், தெரியாத இரவில் காய்ந்த தட்டு. இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர் நிலாவே நீரைத் தந்தது என்று முடிவு கட்டியது நியாயம்தான்.

கடல்நீரில் அந்தத் தொடர்பு நேரடியானது. கடல் ஓதம் நிலாவோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று முதலாம் நூற்றாண்டிலேயே வாங் சுங் என்ற சீன அறிஞர் எழுதிவைத்தார். சீனாவில் அதைப் பார்க்கச் சிறந்த இடம் ஹாங்சௌவுக்கு அருகே சியென்தாங் ஆறு. அங்கே கூட்டம் கூடுவது எட்டாம் மாதம் பதினெட்டாம் நாள். விழா பதினைந்தில், வட்டம் பெரும்பாலும் பதினாறில், அலை பதினெட்டில்! பௌர்ணமியன்று சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுத்தாலும், கடல் உடனே உச்சத்துக்கு வராது. ஓரிரு நாள் பிந்தித்தான் ஓதம் உச்சம் தொடும். அப்புறம், ஹாங்சௌ விரிகுடா ஒரு புனல் மாதிரி. வாயில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலம், உள்ளே போகப் போகச் சில கிலோமீட்டராகக் குறுகும், அடியில் மணல்மேடு வேறு. ஏறி வரும் கடல் ஒதுங்க இடமில்லாமல் சுவராக எழும். முதலில் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், பிறகு இரைச்சல், பிறகு ஆறு பின்னோக்கி ஓடும்.

இதுவரை சொன்ன நீர் எல்லாம் நிலாவைப் பார்த்து அறிந்த நீர். சோதிடத்தில் வரும் பூதம் வேறு வகை. "இந்தப் பௌர்ணமி நெருப்பு, அடுத்தது மரம்" என்று படித்திருப்பீர்கள். அந்தப் பெயர் நிலாவிடமிருந்து வருவதே இல்லை. சீனர்கள் நாட்களை எண்ண பத்துக் குறிகளும் பன்னிரண்டு குறிகளும் வைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சுழற்றினால் 60 நாளில் ஒரு சுற்று. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஷாங் என்ற சீன அரச மரபின் காலத்து எலும்புகளிலேயே இந்தச் சுற்று பொறிக்கப்பட்டிருக்கிறது. பத்துக் குறிகளில் இரண்டிரண்டுக்கு ஒரு பூதம். முதல் இரண்டு மரம், அடுத்த இரண்டு நெருப்பு, இப்படியே.

சந்திர மாதம் 29 அல்லது 30 நாள். 30 நாள் கழித்து வரும் பதினைந்தாம் நாளுக்கு அதே குறி. 29 நாள் என்றால் ஒரு குறி பின்னால். அதனால் பதினைந்தாம் நாளின் பூதம் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை, பிறக்கும் வரிசைக்கு நேர் தலைகீழாக நகரும். 2025 ஜூன் 10 உலோகம். ஜூலை 9, ஆகஸ்ட் 8, செப்டம்பர் 6, அக்டோபர் 6 நான்கும் மண். நவம்பர் 4 நெருப்பு. நகர்த்துவது 29.53இல் முப்பதுக்குக் குறையும் அந்த அரைநாள்.

ஆண்டுக்கும் இதே எண்ணிக்கைதான். 6இலும் 7இலும் முடியும் ஆங்கில ஆண்டுகளில் தொடங்கும் சீன ஆண்டுகள் நெருப்பு. பன்னிரண்டு குறிகளுக்கும் ஆளுக்கொரு விலங்கு உண்டு. அப்படி 1966 நெருப்புக் குதிரை. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்ற நம்பிக்கை ஜப்பானில் இருந்தது. 1965இல் ஏறத்தாழ 18.2 லட்சமாக இருந்த பிறப்புகள் 1966இல் 13.6 லட்சமாக விழுந்தன. ஆண்டை 60ஆல் வகுத்து வரும் ஒரு மீதி எண்ணுக்காக இத்தனை குழந்தைகள் வேண்டாமென்று ஆனதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

60 ஆண்டு கழித்து 2026 மறுபடி நெருப்புக் குதிரை. அதன் நடு இலையுதிர் விழா செப்டம்பர் 25, நாள் கணக்கில் நீர். ஆனால் அந்த மாத நிலா பதினாறையும் தாண்டி, பதினேழாம் நாளில் நிறைகிறது. பெய்ஜிங்கில் செப்டம்பர் 27 நள்ளிரவு கடந்து 49 நிமிடம், அங்கே அது மர நாள். அதே கணத்தில் சென்னையில் மணி இரவு 10.19, தேதி இன்னும் 26, நாள் இன்னும் நீர்.