மாதம் 500 பேக்லிங்க் வாங்குவதற்கு முன்

சொந்தத் தொழிலும் அதற்கென்று ஒரு வெப்சைட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வாட்ஸ்அப் செய்தி ஒருமுறையாவது வந்திருக்கும். முப்பதே நாளில் கூகுள் முதல் பக்கம், கேரண்டி, மாதம் 500 பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு), இருபது கட்டுரை, எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். விலையும் கைக்கு அடக்கமாகத்தான் இருக்கும். எஸ்.இ.ஓ., அதாவது தேடலில் தளத்தை மேலே கொண்டுவருகிற வேலையையே பிழைப்பாகச் செய்கிறவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து வாங்காதீர்கள். காசு வீணானால்கூட அது அந்த மாதத்தோடு போய்விடும். பல இடங்களில் இந்த பேக்கேஜ் உங்கள் தளத்தையே கெடுத்துவிட்டுப் போகிறது, கெட்டது வெளியே தெரியவே பல மாதம் பிடிக்கும், அதற்குள் செய்தவர் போனை எடுப்பதை நிறுத்தியிருப்பார். கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. ஆகவே 'கேரண்டி' என்ற சொல் காதில் விழுந்தாலே பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பேக்லிங்க் ஏன் விலைக்குப் போகிறது என்று புரிந்தால் மற்றது எளிது. கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது, 1998-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் அடிப்படை இதுதான்: ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் இணைப்பு கொடுத்தால் அது ஒரு சிபாரிசு, சிபாரிசு செய்கிற பக்கம் மதிப்புள்ளதாக இருந்தால் அதற்கு எடை கூடுதல். பக்கத்தில் ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்பதையே பெரும்பாலும் நம்பியிருந்த தேடுபொறிகளை கூகுள் தாண்டிப் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் சிபாரிசுக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் சிபாரிசை விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள். கண்ட இடத்தில் எல்லாம் பின்னூட்டப் பெட்டிக்குள் இணைப்பைத் திணிக்கிற பழக்கம் பெருகி, 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தக் குறி போட்ட இணைப்பை சிபாரிசாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்பது அன்றைய ஏற்பாடு. 2012 ஏப்ரலில் கூகுளின் பெங்குயின் என்ற அப்டேட் வந்து, இணைப்பு வாங்கி மேலே ஏறிய தளங்களை வரிசையாகக் கீழே தள்ளியது. 2016-இல் அது தேடலின் அடிப்படை அல்காரிதத்திலேயே சேர்ந்துவிட்டது. 2022 டிசம்பரிலிருந்து ஸ்பாம்பிரெயின் என்ற கூகுளின் இயந்திரக் கற்றல் அமைப்பும் இத்தகைய இணைப்புகளைக் கண்டுபிடித்து மதிப்பில்லாமல் செய்கிறது. அதாவது இன்றைக்கு நீங்கள் வாங்குகிற 500 இணைப்பில் பெரும்பகுதியை கூகுள் கணக்கிலேயே சேர்க்காது. மிச்சம் இருப்பதால் தேடலில் தண்டனை வரலாம்.

அந்த 500 எங்கிருந்து வருகின்றன என்று வாங்குகிறவர்கள் கேட்பதே இல்லை. நான் பட்டியலை எடுத்துப் பார்த்த இடங்களில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. யாரும் திறந்து பார்க்காத டைரக்டரி தளங்கள், பல வருடமாகக் கவனிப்பார் இல்லாத வெளிநாட்டுப் பள்ளித் தளங்களின் விருந்தினர் பதிவுப் பக்கம், காலாவதியான டொமைனை (தள முகவரியை) வாங்கி அதில் சம்பந்தமே இல்லாத கட்டுரைகளைக் கொட்டிய தளங்கள், ஒரே ஆள் நடத்துகிற ஐம்பது அறுபது தளங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொள்வது (இதைத்தான் எங்கள் தொழிலில் பி.பி.என். என்போம்). சூதாட்ட விளம்பரத்துக்கும் மருந்து விளம்பரத்துக்கும் நடுவில் உங்கள் நிறுவனத்தின் பெயர் உட்கார்ந்திருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளத்தை கூகுள் தன் தேடலிலிருந்தே எடுத்துவிட்டது. பழைய கார் என்பதற்கான ஜெர்மன் சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கிய பக்கத்தை தேடுபொறிக்குக் காட்டி, பார்க்க வருகிற மனிதரை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டதுதான் குற்றம். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடை. அந்தக் கடைக்கு நூற்றுக்கணக்கான சம்பந்தமில்லாத தளங்களிலிருந்து இணைப்பு போயிருப்பதை நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. கூகுள் கை வைத்ததும், ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த கடை சுமார் இரண்டு மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனது. தங்களுக்கு இது தெரியாது என்று சொல்லி அந்த நிறுவனம் தன் எஸ்.இ.ஓ. ஏஜென்சியை நீக்கியது. பி.எம்.டபிள்யூ. சில நாளிலேயே தேடலுக்குள் திரும்ப வந்தது. சிறு தொழில்காரருக்கு அப்படி நடக்காது. அவர் தேடலில் இல்லை என்பதைக் கவனித்துச் செய்தி போட ஆள் கிடையாது.

கரூர் பக்கம் ஒரு வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதியாளர் என்னிடம் வந்தார். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, திரைத்துணி செய்கிறவர். வெளிநாட்டு விசாரணைகளில் பாதிக்கு மேல் தளம் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. "ரேங்க் நல்லாத்தான் சார் இருந்துச்சு, திடீர்னு ஒரு மெயில் கூட வரல" என்றார். சர்ச் கன்சோலை (தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் கருவி) திறக்கச் சொன்னேன், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அது ஏஜென்சியின் ஜிமெயிலில் இருந்தது. டொமைனும் ஏஜென்சி ஆள் ஒருவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது, ஆறு வருடமாகப் பணம் கட்டிவந்தவர் இவர். டொமைனை இவர் பெயருக்கு மாற்றி வாங்கவே படாதபாடு பட்டோம். பிறகு கன்சோலில் உரிமையை நிரூபித்து உள்ளே போய்ப் பார்த்தால், 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் அறிவிப்பு மாதக்கணக்கில் கிடக்கிறது: உங்கள் தளத்துக்கு இயல்பற்ற இணைப்புகள். கூகுளில் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்து எடுத்த நடவடிக்கை அது. ஏஜென்சிக்கு அந்த மெயில் போயிருக்கும், இவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் நடந்தது அலுப்பூட்டுகிற வேலை. இணைப்புப் பட்டியலை இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்து, அகற்றச் சொல்லி அந்தந்தத் தளங்களுக்கு எழுதினோம், சிலர் இணைப்பை எடுக்கவே காசு கேட்டார்கள். அகற்ற முடியாதவற்றை 'டிஸ்அவோ' கோப்பில் (இவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று கூகுளுக்குத் தருகிற பட்டியல்) போட்டு, என்ன நடந்தது, யார் செய்தது, என்ன சரிசெய்தோம் என்று விவரமாக எழுதி கூகுளின் மறுபரிசீலனைக்கு அனுப்பினோம். முதல் தடவை மறுத்தார்கள். இன்னும் சுத்தம் செய்து அனுப்பியபோது ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பழைய இடம் திரும்பி வரவில்லை, அவருக்கு இதைப் புரியவைப்பதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பழைய இடமே வாங்கிய இணைப்புகளால் வந்தது. அவை போனதும் தளம் தன் சொந்த பலத்தில் எங்கே நிற்குமோ அங்கே நின்றது. அங்கிருந்து நேர்மையாக ஏற ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, இடையில் அவர் இழந்த ஆர்டர்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

காசு கொடுத்து வாங்காமலேயே ஸ்பாமுக்கு (தேடலை ஏமாற்றுகிற குப்பைக்கு) இரையாகிறவர்களும் நிறைய. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளத்துக்கு, காசு கட்டி வாங்க வேண்டிய தீம் (தளத்தின் தோற்றம்), பிளக்இன் (கூடுதல் வசதி) ஆகியவற்றை யாரோ உடைத்து இலவசமாக விடுவதை 'நல்டு' என்கிறார்கள். பட்ஜெட் குறைவு என்று டெவலப்பர் அதைப் போட்டுக் கொடுத்துவிடுவார், பல நேரம் அதற்குள்ளேயே பின்வாசல் இருக்கும். ஒருநாள் உங்கள் தளத்தில் ஜப்பானிய மொழியில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் முளைத்திருக்கும், போலி பிராண்டு பொருள் விற்கிற கடைகளுக்கு அவை இணைப்பு கொடுக்கும். நீங்கள் முகவரியைத் தட்டி உள்ளே போனால் எல்லாம் வழக்கம்போல இருக்கும். பக்கங்களைப் படிக்க வருகிற 'கூகுள்பாட்' என்ற கூகுளின் நிரலுக்கும், தேடல் வழியாக வருகிறவருக்கும் மட்டும் உள்ளே புகுந்தவர்கள் வேறு முகம் காட்டுவார்கள், இதற்கு க்ளோக்கிங் என்று பெயர். பள்ளி, கல்லூரி, அரசுத் தளங்கள்கூட இப்படிச் சூதாட்டப் பக்கங்களைத் தாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோம். அவர்கள் யாரும் கேட்டு வாங்கியதல்ல.

இதைச் சோதிப்பது சுலபம், இன்றைக்கே செய்யுங்கள். கூகுள் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் (site) என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள். நீங்கள் எழுதாத பக்கம் ஒன்று வந்தாலும் ஆபத்துதான். சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தின் முகவரியை இட்டு, கூகுள் அதை எப்படிப் பார்க்கிறது என்று ஒப்பிடலாம். கன்சோலின் பயனர் பட்டியலையும் பாருங்கள். உள்ளே நுழைந்தவர்கள் தங்களையும் ஓர் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். பக்கங்களை மட்டும் நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அவர்கள் நுழைந்த வழியை அடைக்காவிட்டால் அடுத்த வாரம் திரும்ப முளைக்கும்.

தமிழில் தேடுகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் இது. ஒரு அரசு நலத்திட்டத்தின் பெயரையோ ஒரு நோயின் பெயரையோ தமிழில் போட்டுத் தேடிப் பாருங்கள். வேற்றுமொழிக் கட்டுரையை இயந்திரத்தில் போட்டு மாற்றி, ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் ஏற்றிய பக்கங்கள் வரும். 'விண்ணப்பிக்க இங்கே கிளிக் செய்யவும்' என்று இருக்கும், கிளிக் செய்தால் இன்னொரு விளம்பரம். மருந்தின் அளவே தப்பாக இருந்தாலும் கேட்க ஆளில்லை. நல்ல தமிழ்ப் பக்கங்கள் குறைவாக இருக்கிற தலைப்புகளில் இந்தக் குப்பை மேலே வருவது மிக எளிது, அதனால்தான் இங்கே கொட்டுகிறார்கள். 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் விதிகளில் இதைச் சேர்த்தது: ரேங்குக்காக மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பயனற்ற பக்கங்களை, மனிதர் எழுதினாலும் ஏ.ஐ. எழுதினாலும், ஸ்பாமாகவே கருதுவோம் என்று. பேக்கேஜில் வருகிற அந்த இருபது கட்டுரையும் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

ஸ்பாமில் மிகக் கொடியது போலி கஸ்டமர் கேர் எண். வங்கி, கூரியர், பணப் பரிமாற்ற ஆப் ஆகியவற்றின் பெயரில் மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணைப் பக்கங்களில் விதைக்கிறார்கள். கூகுள் மேப்ஸில் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்ற வசதியைப் பயன்படுத்தி எண்ணை மாற்றிய சம்பவங்களும் இந்தியாவில் நடந்திருக்கின்றன. அவசரத்தில் தேடுகிற வயதானவர்கள் முதலில் கண்ணில் படுகிற எண்ணைக் கூப்பிடுகிறார்கள். வங்கி எண் வேண்டுமானால் ஏ.டி.எம். கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ பாருங்கள், தேடலில் எடுக்காதீர்கள். பணம் திரும்ப வரும், பின் போடுங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பணம் வருவதற்கு யு.பி.ஐ. பின் போடவே தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், சீக்கிரம் சொல்லச் சொல்ல அந்தப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

சரி, அப்படியானால் எஸ்.இ.ஓ.வே வேண்டாமா? வேண்டும். தளம் மொபைலில் வேகமாகத் திறப்பது, கூகுளால் எல்லாப் பக்கத்தையும் படிக்க முடிவது, வாடிக்கையாளர் போனில் கேட்கிற கேள்விகளுக்குத் தளத்திலேயே தெளிவான பதில் இருப்பது, உண்மையான படங்கள், சரியான முகவரியும் நேரமும் கொண்ட கூகுள் பிசினஸ் புரொஃபைல் (தேடலிலும் மேப்ஸிலும் வருகிற தொழில் விவரம்), இதெல்லாம்தான் வேலை. பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகலாம் என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள், என் அனுபவமும் அதுதான். ஏஜென்சி யாராக இருந்தாலும், எங்கெங்கே இணைப்பு வைத்தீர்கள் என்று மாதாமாதம் முகவரிகளோடு பட்டியல் கேளுங்கள், அதில் பத்தையாவது திறந்து பாருங்கள். உங்கள் பிள்ளைக்குக் காட்டக் கூசுகிற பக்கம் அதில் இருந்தால் ஒப்பந்தத்தை அன்றே முடித்துக்கொள்ளுங்கள். டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல் நான்கும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். ஏஜென்சியைப் பயனராகச் சேர்த்தால் போதும், வேலை நடக்கும், வேண்டாம் என்கிறபோது நீக்கவும் முடியும்.