சிசேரியன்: வெட்டும் பேறும்

குழந்தை பிறந்த சேதி கேட்டதும், ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்தபடியாக வரும் கேள்வி, "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என் தங்கையிடமும் கேட்டார்கள். அவளுக்குத் தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் இறங்கிவிட்டது. அப்படி இறங்கினால் குழந்தையின் தலை கொடியை அழுத்தி, ரத்த ஓட்டம் நின்றுவிடும். உடனே வயிற்றைத் திறந்து எடுத்ததால்தான் பிள்ளை பிழைத்தது. அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, "ஆபரேஷன்தான் அத்தை" என்று ஏதோ தப்புச் செய்தவள் போலச் சொன்னாள்.

சிசேரியன் என்ற சொல், ஜூலியஸ் சீசர் அப்படிப் பிறந்ததால் வந்தது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். நம்புவதற்கில்லை. அந்தக் காலத்தில் தாய் இறந்த பிறகோ, இறக்கும் தறுவாயிலோதான் வயிற்றை வெட்டுவார்கள். சீசரின் தாய் அவுரேலியாவோ, மகன் நாற்பது வயதைத் தாண்டும்வரை உயிரோடு இருந்தவர். லத்தீனில் 'கைடெரே' என்றால் வெட்டுதல். சீசர் குலத்தின் முன்னோர் ஒருவரைத் தாயின் வயிற்றை வெட்டி எடுத்ததால்தான் அந்தக் குடும்பப் பெயரே வந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அவர் சொன்னது சரியென்றால், சீசரால் சிசேரியன் வரவில்லை, வெட்டிலிருந்துதான் சீசர் வந்திருக்கிறார். ஜெர்மன்காரர்கள் சீசரைக் கைசராக்கி, 'கைசர்ஷ்னிட்' என்கிறார்கள். அரசவெட்டு! 'செக்‌ஷன்' என்பதற்கும் வெட்டுதான் வேர். ஆக, சிசேரியன் செக்‌ஷன் என்றால் வெட்டு வெட்டு. நாம் 'கேட்டு வாசல்' என்கிறோமே, அது மாதிரி.

தமிழுக்கு வருவோம். பத்திரிகைகள் 'அறுவைசிகிச்சைப் பிரசவம்' என்று எழுதுகின்றன. இலங்கையில் 'சத்திரசிகிச்சை' என்பார்கள். ஆயுதத்தைக் குறிக்கும் சஸ்திரம்தான் அங்கே சத்திரம் ஆனது. எனக்குப் பிடித்தது 'அறுவைப் பேறு'. 'அறு' என்பது பழைய வேர். அறுத்தெடுத்த துணிக்கும் அறுவை என்றுதான் பெயர். மதுரை அறுவை வாணிகன் என்று சங்கப் புலவர் ஒருவரே உண்டு. 'பேறு' இன்னும் அழகு. கெடு கேடானது போல, பெறு பேறானது. பிள்ளை பெறுவதும் பேறு, கிடைத்தற்கரிய செல்வமும் பேறு. எந்த வழியாகப் பிறந்தாலும் பேறு பேறுதான்.

மற்றதை 'இயல்புப் பேறு' என்றால் போதும். 'சுகப்பிரசவம்' என்னும்போது இது சுகமில்லாதது என்று ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் அறுவையால் நடந்தவை. தேவையில்லாமல் செய்வதும் இதில் இருக்கிறது, அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி ஆஸ்பத்திரியிடம் போகவேண்டியது, பச்சை உடம்புக்காரியிடம் அல்ல.

சரி, டிஸ்சார்ஜ் அட்டையில் 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று நான்கு எழுத்து இருக்கும். கருப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டி எடுத்தது என்று பொருள். இந்தக் 'கீழ்' முக்கியம். மேல்பகுதி தடித்த தசை; பிரசவ வலியில் சுருங்குவது அதுதான். கீழ்ப்பகுதி மெல்லியது. அங்கே குறுக்காக வெட்டினால் ரத்தப்போக்கு குறையும், வெட்டும் உறுதியாக ஆறும். அடுத்த முறை இயல்பாகப் பெற முயலும்போது இந்தத் தழும்பு பிரிந்து கிழிவது ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்கு. மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் ஆபத்து பல மடங்கு. அந்தத் தாய்மாரை வலி வரும்வரை விடமாட்டார்கள், அதற்கு முன்பே அறுவை செய்துவிடுவார்கள். முன்பெல்லாம் கருப்பை வெட்டைப் பெரும்பாலும் தைக்காமலே விட்டுவிடுவார்கள். எத்தனையோ தாய்மார் ரத்தம் போயும் சீழ் பிடித்தும் இறந்தார்கள். 1882-ல் ஜெர்மன் மருத்துவர் மாக்ஸ் ஸேங்கர், கருப்பையைத் தைத்து மூடும் முறையை வகுத்துச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

இப்போதும் இது பெரிய அறுவைதான். காலில் ரத்தம் உறையலாம், தையலில் சீழ் வைக்கலாம். 39 வாரத்துக்கு முன்பே நாள் குறித்து எடுத்தால் குழந்தைக்குச் சில நாள் மூச்சிரைப்பு வரலாம். ஜாதகம் பார்த்து முன்கூட்டியே எடுக்கச் சொல்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டி, ஆழமாக வேர்விடக்கூடும். அறுவை கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். கருப்பையின் தழும்பு நன்றாக ஆறி உறுதிப்படத்தான் அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

தோலில் தெரியும் தழும்பை மட்டும் பார்த்து, உள்ளே கருப்பையில் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லமுடியாது. வெளியே குறுக்கு, உள்ளே நெடுக்கு என்றும் இருக்கலாம். அட்டைதான் அதைச் சொல்லும். தங்கையின் அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கிறோம். அதன் பின்பக்கம் 'அறுவைப் பேறு, கீழ்க்கருப்பை, குறுக்கு வெட்டு' என்று பேனாவால் எழுதிவிட்டேன்.