தேர்வறை வரை வராத பிள்ளைகள்

ஒரு தாளை நடுவில் மடியுங்கள். மடித்தபடியே அதில் ஒரு துளை போடுங்கள். விரிக்காமலேயே சொல்லுங்கள் பார்ப்போம்: விரித்தால் எத்தனை துளைகள் இருக்கும், எங்கெங்கே இருக்கும்?

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி இது. கெட்டிக்காரப் பிள்ளைகளை அடையாளம் கண்டு கூடுதலாகக் கற்பிப்பதற்காகப் பள்ளிகள் வைக்கும் காக்னிட்டிவ் எபிலிட்டீஸ் டெஸ்ட் என்ற தேர்வில் வரும். அங்குள்ள பெற்றோர்கள் சுருக்கமாக 'கோகேட்' என்பார்கள். சொல், எண், உருவம் என்று அதில் மூன்று பகுதிகள். தாள் மடிப்பு மூன்றாவது பகுதியைச் சேர்ந்தது. ஒரே மடிப்பு என்றால் இரண்டு துளை, பலரும் சொல்லிவிடுவார்கள். முதல் மடிப்புக்குக் குறுக்கே இன்னொரு மடிப்பு விழுந்தால் துளை நான்காகிவிடும். மடிப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, இந்தப் பக்கமும் அவ்வளவே தள்ளி, கண்ணாடியில் தெரிவதுபோல் உட்காரும். தாளை மனத்துக்குள்ளேயே விரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை சட்டென்று விடையைத் தொட்டுவிடும்.

இதை எந்த வகுப்பிலும் பாடமாக நடத்துவதில்லை. அதனால்தான் கேட்கிறார்கள். எதைப் படித்திருக்கிறது என்பதைவிட, புதிதாக ஒன்றைப் பார்த்தால் அந்தப் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்ப்பதே நோக்கம். மதிப்பெண் போடும் முறையும் நம் பரீட்சை மாதிரி இருக்காது. அதே வயதுப் பிள்ளைகளோடுதான் ஒப்பிடுவார்கள். அந்த வயது மாதக் கணக்கில் பார்க்கப்படும், ஏனென்றால் ஏழு வயதில் ஆறு மாத இடைவெளி பெரிய இடைவெளி. இப்படிப்பட்ட தேர்வுகளில் சராசரி 100. நுண்ணறிவுத் (ஐ.க்யூ.) தேர்வில் 130 அல்லது அதற்கு மேல் எடுப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் இருவர்தான். சில மாநிலங்கள் அந்த இடத்தில்தான் கோடு போடுகின்றன. கோட்டைத் தாண்டிய பிள்ளைக்கு 'கிஃப்டட்', அதாவது தனித்திறன் உள்ள பிள்ளை, என்று பெயர்.

கோட்டை எங்கே போடுவது என்று காலங்காலமாகச் சண்டை நடக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த அறைக்குள் உட்கார யாரை அனுப்புகிறார்கள் என்பதுதான்.

புளோரிடா மாநிலத்தின் பிராவர்ட் மாவட்டம் இதற்கு நல்ல உதாரணம். மயாமிக்கு வடக்கே இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய பள்ளி நிர்வாகங்களில் ஒன்று. 2005க்கு முன்னால் அங்கே நடைமுறை இப்படி இருந்தது: ஆசிரியர் ஒரு பிள்ளையைப் பரிந்துரைக்க வேண்டும், இல்லையென்றால் பெற்றோர் கேட்க வேண்டும். அப்புறம்தான் உளவியலாளர் தனியாக உட்கார்ந்து நுண்ணறிவுத் தேர்வு வைப்பார். பணம் உள்ளவர்கள் வெளியே தனியார் உளவியலாளரிடம் அழைத்துப்போய்த் தேர்வு எழுத வைத்து, முடிவைக் கொண்டுவந்து கொடுக்கலாம். வீட்டில் ஸ்பானிஷ் பேசும், இரண்டு வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

2005இல் அந்த நிர்வாகம் ஒரு வேலை செய்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வகுப்பிலேயே ஒரு சின்னத் தேர்வு வைத்தது. நாக்லியேரி தேர்வு என்று பெயர். படிக்கத் தெரியவேண்டாம், எழுதத் தெரியவேண்டாம். கோலம் மாதிரி ஒரு வடிவத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும், பொருந்தும் துண்டைக் கீழே இருப்பவற்றிலிருந்து எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. அதில் நன்றாகச் செய்தவர்களை உளவியலாளரிடம் அனுப்பினார்கள். உளவியலாளர் வைத்த தேர்வும் பழைய தேர்வுதான், கோடும் பழைய கோடுதான்.

டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதன் விளைவைக் கணக்கிட்டு 2016இல் வெளியிட்டார்கள். (கார்ட், 2021இல் பொருளாதார நோபல் பெற்றவர்களில் ஒருவர்.) தகுதியில் எந்தத் தளர்வும் இல்லாமலேயே, வசதி குறைந்த பிள்ளைகள் கிஃப்டட் என்று அடையாளம் காணப்பட்ட விகிதம் 180 சதவீதம் உயர்ந்திருந்தது. ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்த) பிள்ளைகளுக்கு 130 சதவீத உயர்வு, கறுப்பினப் பிள்ளைகளுக்கு 80 சதவீத உயர்வு.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் 2005இல் திடீரென்று புத்திசாலிகளாகிவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டும் அதே மாதிரிப் பிள்ளைகள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும் பெண், ஆங்கிலம் தடுமாறுவதால் கையைத் தூக்காத பையன், வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுவதால் 'வால்' என்று பெயர் வாங்கியவன். ஆசிரியர் கெட்ட எண்ணத்தோடு இவர்களை விட்டுவிடுவதில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் நம் எல்லோர் மனத்திலும் ஒரு படம் இருக்கிறது. சுத்தமான கையெழுத்து, டக்கென்று பதில், சொன்ன பேச்சு கேட்பது. அந்தப் படத்துக்குள் அடங்குகிற பிள்ளைதான் கண்ணில் படும்.

2010இல் பண நெருக்கடி வந்து, எல்லோருக்கும் தேர்வு வைப்பதை அந்த நிர்வாகம் நிறுத்தியது. இடைவெளி பழையபடியே திரும்பி வந்தது.

விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்று நாம் சொல்வோம். முளையைத் தேடிப் போனவர்களில் பெரிய பெயர் லூயிஸ் டெர்மன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர். 1921இல் தொடங்கி, கலிபோர்னியாவில் அதிபுத்திசாலிப் பிள்ளைகள் 1,500 பேருக்கு மேல் தேர்ந்தெடுத்து, ஆயுள் முழுக்கப் பின்தொடரும் ஓர் ஆய்வை நடத்தினார். அவர் தேர்வில் உட்கார்ந்து, மதிப்பெண் போதாமல் வெளியே நின்றவர்களில் இரண்டு சிறுவர்கள் உண்டு: வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். ஷாக்லி 1956இலும் ஆல்வரெஸ் 1968இலும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 1,500 பேரில் ஒருவரும் நோபல் வாங்கவில்லை.

இதைக் காட்டி, தேர்வே பொய் என்று சொல்லிவிடக் கூடாது. எந்த அளவீட்டிலும் சில புள்ளிகள் ஆட்டம் இருக்கும். இன்று 128 எடுத்த பிள்ளை, நன்றாகத் தூங்கி எழுந்து இன்னொரு நாள் எழுதினால் 132 எடுக்கலாம். ஒரே நாள், ஒரே தேர்வு, ஒரே கோடு என்று வைத்தால் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் விஷயத்தில் கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவது போல்தான். அதனால்தான் கவனமான பள்ளிகள் ஒரு தடவை பார்த்ததோடு விடாமல் அடுத்த ஆண்டும் பார்க்கின்றன. நாடு முழுவதற்குமான சராசரியோடு மட்டும் ஒப்பிடாமல், அந்தந்தப் பள்ளிக்குள்ளேயே மேலே நிற்பவர்கள் யார் என்றும் பார்க்கின்றன. ஒரு பிள்ளைக்கு இப்போதைய வகுப்பு போதவில்லை என்பதைத் தீர்மானிப்பது அந்த வகுப்பில் மற்றவர்கள் இருக்கும் இடம்தானே.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அப்புறம் என்ன செய்கிறார்கள்?

பல பள்ளிகளில் நடப்பது, வாரத்தில் சில மணி நேரம் இந்தப் பிள்ளைகளை வேறு அறைக்கு அழைத்துப்போய் புதிர், செயல்திட்டம் என்று கொடுப்பது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் மீதி நாட்களில் ஏற்கெனவே தெரிந்த கூட்டலையே திரும்பப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

எனக்கு மிகவும் பிடித்த முறை எளிமையானது. ஜோசஃப் ரென்சுலியும் சாலி ரைஸும் வளர்த்தெடுத்தது. பாடத்தைத் தொடங்கும் முன்பே அதன் இறுதித் தேர்வை வைத்துவிடுவது. மூன்றாம் வகுப்பில் பின்னங்கள் தொடங்கப் போகிறது என்று வையுங்கள். திங்கட்கிழமை காலையில் ஆசிரியர் பத்துக் கேள்வி கொடுக்கிறார். ஒரு பெண் ஒன்பதைச் சரியாகப் போட்டுவிட்டாள். எண்கோட்டில் பின்னத்தைக் குறிக்கும் கேள்வியில் மட்டும் தவறு. அப்படியென்றால் அந்த இரண்டு வாரத்தில் எண்கோடு நடத்தும் அன்று மட்டும் அவள் வகுப்போடு உட்கார்ந்தால் போதும். மிச்ச நாட்களில் அதற்கு மேற்பட்ட கணக்கைச் செய்யலாம். இதற்கு நுண்ணறிவுத் தேர்வும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். இந்த வாரம் பின்னத்தில் முந்தியவள் அடுத்த வாரம் வடிவியலில் எல்லோரோடும் சேர்ந்து படிக்கலாம்.

பிராவர்டில் இன்னொரு விதி இருந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு கிஃப்டட் பிள்ளை இருந்தாலும் பள்ளி தனி வகுப்பு அமைக்க வேண்டும். ஒரு பிள்ளைக்காக ஒரு வகுப்பு நடத்த முடியாது என்பதால், மீதி இடங்களை முந்தைய ஆண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களைக் கொண்டு நிரப்பினார்கள். அந்த மீதி இடங்களுக்கு வந்த பிள்ளைகளையும் கார்டும் ஜூலியானோவும் ஆராய்ந்தார்கள். அதில் உட்கார்ந்த கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளின் கணிதமும் வாசிப்பும் அரை திட்ட விலக்கம் அளவுக்கு உயர்ந்தன. நூறு பேர் வரிசையில் 50ஆவதாக நிற்பவர் சுமார் 31ஆவது இடத்துக்கு முன்னேறுவதற்குச் சமம். பள்ளிக்கல்வி ஆய்வுகளில் இது மிகப் பெரிய எண். வெளியே இருந்த மற்ற வகுப்புகளின் மதிப்பெண் குறையவும் இல்லை. 'கிஃப்டட்' பட்டம் இல்லாதவர்கள் அந்தப் பிள்ளைகள். அவர்களிடம் கூடுதலாக எதிர்பார்த்த ஒரு வகுப்பு கிடைத்தது, எழுந்துவிட்டார்கள்.

சில பிள்ளைகளுக்கு இதெல்லாம்கூடப் போதாது. அவர்களை ஒரு வகுப்பு தாண்ட வைப்பதுண்டு. வயதில் மூத்தவர்களோடு போய் ஏங்கிப்போகும் என்று பெற்றோர் பயப்படுவார்கள். சரியாகத் தேர்ந்தெடுத்துத் தாண்ட வைத்த பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள் என்றுதான் பல ஆண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த முடிவை எடுக்க அயோவா அளவுகோல் என்று ஒரு படிவம் இருக்கிறது. படிப்பு, நுண்ணறிவு எல்லாம் அதில் கேட்கப்படும். ஆனால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் தடுத்துவிடக்கூடிய இரண்டு கேள்விகளை நான் மறப்பதில்லை. பிள்ளைக்கே விருப்பம் இல்லையென்றால் தாண்ட வைக்கக் கூடாது. போகப்போகிற வகுப்பில் அதன் அண்ணனோ அக்காவோ இருந்தாலும் கூடாது.

முழு வகுப்பையும் தாண்ட முடியாத பிள்ளைக்கு ஒரு பாடத்தை மட்டும் தாண்டும் வழி இருக்கிறது. அதற்குப் பணம் அதிகம் வேண்டாம். மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் கணிதம் ஒரே நேரத்தில் வருமாறு அட்டவணை போட வேண்டும், அவ்வளவுதான். மணி அடித்ததும் எட்டு வயதுப் பிள்ளை பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு நடைபாதை வழியாக ஐந்தாம் வகுப்புக்கு நடக்கும். அங்கே நாற்காலி கொஞ்சம் உயரம், கால் தரையைத் தொடாது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, தன் வயதுப் பிள்ளைகளோடு சாப்பாட்டு வரிசையில் நின்றுகொள்ளும்.