மேய்சுறா: சொல் விளக்கம்

வேலூர் மீன் மார்க்கெட்டில் போய் ‘வெயிலில் காயும் சுறா’ என்று கேட்டால் கருவாட்டுக் கடைக்குக் கை காட்டுவார்கள். நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் ஒரு பெரிய சுறாவின் ‘பாஸ்கிங் ஷார்க்’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் வரும் சங்கடம் இது. ஆனால் அந்தப் பெயரைத் தவிர்க்க இதைவிட வலுவான காரணம் உண்டு: இந்த மீன் வெயில் காய்வதே இல்லை.

‘பாஸ்க்’ பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்த வினை. தொடக்கத்தில் அதன் பொருள் குளித்தல். வெயில் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய இயற்கையியலர் தாமஸ் பென்னன்ட், இது நீர்மட்டத்தில் கிடப்பதை வெயில் காய்வதுபோல் என்று எழுதினார். பெயர் நிலைத்துவிட்டது. அமிர்தி பூங்காவில் முதலை கரையேறிக் கிடப்பது உடம்பில் சூடு ஏற்றிக்கொள்ள. இந்தச் சுறா மேலே வருவதோ இரைக்காக. கலானஸ் போன்ற துடுப்புக்காலிகள் (இறால் இனத்தோடு உறவுள்ள நுண்ணிய மிதவை உயிர்கள்) மேல்மட்டத்தில் திரண்டால் மேலே வரும், அவை இறங்கினால் தானும் இறங்கும்.

மேயும் முறையைப் பார்த்தால் பெயர் தானே கிடைக்கும். சுமார் ஒரு மீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்தபடி மெதுவாக நீந்தும். திமிங்கலச் சுறாவைப்போல நீரை உறிஞ்சாது. நீந்தும் வேகத்திலேயே நீர் உள்ளே போய், தலையைக் கிட்டத்தட்டச் சுற்றியிருக்கும் ஐந்து இணைச் செவுள் பிளவுகள் வழியே வெளியேறும். செவுள் வளைவுகளில் சீப்புப்பல்போல் அடர்ந்த முட்கள் இரையை வடிகட்டி நிறுத்தும். அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வாயை மூடி விழுங்கும். ஏழு மீட்டர் நீளமுள்ள ஒன்று மணிக்குச் சுமார் 15 லட்சம் லிட்டர் நீரை இப்படி வடிப்பதாகக் கணக்கு.

ஆகவே ‘மேய்சுறா’ என்பது எங்கள் பரிந்துரை. வினைத்தொகை, எனவே ‘மேய்ச்சுறா’ என்று ஒற்று மிகாது. ‘பெருவாய்ச் சுறா’ வேண்டாம். 1976இல் ஹவாய் அருகே கிடைத்த மெகாமவுத் சுறாவுக்கே அது பொருந்தும். பிரெஞ்சுக்காரர்கள் இதை யாத்ரீகச் சுறா என்பார்கள், அழகான பெயர்தான், தமிழில் விளக்கம் சொல்லியே மாளாது. அறிவியல் பெயர் செட்டோரைனஸ் மாக்சிமஸ். நார்வே நாட்டுக் கிறிஸ்தவ ஆயர் (பிஷப்) குன்னெரஸ் 1765இல் இந்த இனத்தை முதலில் விவரித்தார்.

செய்திகளில் அடிக்கடி நேரும் பிழை, இதைத் திமிங்கலச் சுறாவோடு குழப்புவது. தமிழகக் கரையில் எப்போதாவது ஒதுங்குவதும், 2001 முதல் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதும் திமிங்கலச் சுறா. அதன் முதுகில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், வாய் முகத்தின் முன்முனையில் இருக்கும். மேய்சுறாவுக்குப் புள்ளி கிடையாது. கூர்மூக்கின் அடியில் வாய். அது குளிர்ந்த, மிதவெப்பக் கடல்களின் மீன்.

கடல் பூதக் கதைகளுக்கும் இதுவே மூலப்பொருள். அழுகும்போது தாடையும் செவுள் வளைவுகளும் முதலில் கழன்று விழும். சிறிய மண்டையும் நீண்ட முதுகெலும்பும் மிஞ்ச, கழுத்து நீண்ட பிராணியாகத் தெரியும். முதுகெலும்பு வாலின் மேல்மடலுக்குள் மட்டுமே ஓடுவதால் கீழ்மடலும் உதிர்ந்துவிடும். பிய்ந்த துடுப்பு நார்கள் பிடரிமயிர் ஆகும். 1808இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்சே தீவில் ஒதுங்கிய ‘பூதம்’ இப்படித்தான் உருவானது. 1977இல் நியூசிலாந்து அருகே ஜப்பானியப் படகு சுயோ மாரு வலையில் சிக்கிய உடலைப் பலர் பிளீசியோசர் (பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த, கழுத்து நீண்ட கடல் ஊர்வன) என்றார்கள். படகில் இருந்தவர்கள் உடலைக் கடலிலேயே போட்டுவிட்டாலும், எடுத்துவைத்த துடுப்பு நார்களின் அமினோ அமிலங்களைச் சோதித்தபோது அவை மேய்சுறாவின் நாருக்கு ஒத்துவந்தன.