லைன் பிளாக்: பாதை யார் பொறுப்பில்?

குன்னூர் ஸ்டேஷனில் "கீழே பிளாக் எடுத்திருக்காங்க" என்று யாராவது சொன்னால், மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டதாகவே பயணிகள் நினைப்பார்கள். மழைக்காலத்தில் அது நடக்கிற காரியமும்தான். ஆனால் ரயில்வேகாரர் சொல்வது, தண்டவாள வேலைக்காக இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை பாதையை வாங்கியிருக்கிறார்கள் என்பதை.

பிளாக் என்பதன் பழைய பொருள் மரக்கட்டை. அப்புறம் தடுப்பு என்ற பொருளும் சேர்ந்தது. பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி என்று விதி வைத்தபோது, அந்தத் துண்டு 'பிளாக் செக்ஷன்' ஆனது. அந்த இடத்தை வண்டிக்குக் கொடுக்காமல் வேலையாட்களுக்குக் கொடுத்தால் லைன் பிளாக்.

பாதைப் பொறியாளர் பிளாக் கேட்பார். செக்ஷன் கண்ட்ரோலர் வண்டி ஓட்டத்தைப் பார்த்து நேரம் ஒதுக்குவார். இருபக்க ஸ்டேஷன் மாஸ்டர்களும் 'பிரைவேட் நம்பர்' மாற்றிக்கொள்வார்கள். அச்சிட்ட தாளில் அடுத்து நிற்கும் இரண்டிலக்க எண்ணைப் போனில் சொல்லி, உடனே அதைத் தாளில் கோடிட்டு அடித்துவிட வேண்டும். வெறும் "சரி, சரி" செல்லாது. அதன்பிறகே எழுத்தில் அனுமதி. வேலை முடிந்து, பாதை வண்டி ஓடத் தகுதியானது என்று பொறியாளர் எழுதித் தரவேண்டும். ஒதுக்கிய நேரம் தாண்டிவிட்டாலும் அந்தத் தாள் வராமல் வண்டியை விடக்கூடாது.

நீலகிரி மலைரயில் பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி வரை ஏற்றம். நடுவில் பல்சட்டம் (எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பல் வைத்த இரும்புச் சட்டம்), வழியெல்லாம் வளைவும் சுரங்கமும், போதாததற்கு மூடுபனி. பல்சட்டத்தின் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்திருப்பவரால் இறங்கிவரும் வண்டியைத் தூரத்திலேயே பார்க்க முடியாது. அவர் உயிர் அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'தட அடைப்பு' என்றால் நீலகிரியில் மண்சரிவு என்றே புரிந்துகொள்வார்கள். கொடுப்பதும் வாங்குவதும் பொறுப்பை என்பதால், 'பாதை ஒப்படைப்பு' என்பதே பொருந்துகிறது. பிளாக் எடுப்பதைப் 'பாதையை ஏற்றல்' என்றும், முடித்துத் தருவதைப் 'பாதையைத் திருப்பி ஒப்படைத்தல்' என்றும் சொல்லலாம். பிளாக் செக்ஷனுக்குத் 'தடப்பகுதி' போதும்.