பளபளக்கும் மூடியை விடுங்கள், கீலைப் பாருங்கள்

மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் லேப்டாப் பழுது பார்க்கிறேன். போன மாதம் திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய இயந்திரம். "கீழே போடவே இல்லை தம்பி. திறந்தேன், டக்கென்றது" என்றார். அடிமூடியைக் கழற்றியதும் அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. மூன்று பித்தளை நட்டுகள் பிளாஸ்டிக் துணுக்குகளோடு உள்ளே உருண்டுகொண்டிருந்தன.

மேல்மூடி என்னவோ அலுமினியம்தான். கீலைத் திருகியிருந்த இடம் பிளாஸ்டிக். புழுதியேறிக் கீல் இறுகிவிட்டால், திறக்கும் ஒவ்வொரு முறையும் இழுப்பு முழுவதும் நட்டுப் பதித்த இடத்தில்தான் விழும். ஒரு நாள் பெயர்ந்துகொண்டு வரும். வாடிக்கையாளர் செய்த சேதம் என்று எழுதி, வாரண்டியையும் மறுத்துவிட்டார்களாம்.

கடையில் வாங்கும்போது மூடியை ஒரு விரலால் தூக்கிப் பாருங்கள். கீல் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் அடிப்பாகமும் கூடவே எழும்பும். விசைப்பலகையின் நடுவில் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. கீல் எதில் திருகப்பட்டிருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியாது. அந்த மாடலைப் பிரித்துக் காட்டும் காணொளியை யூடியூபில் தேடினால் தெரிந்துவிடும். ராணுவத் தரச் சோதனையில் தேறியது என்று ஒட்டியிருக்கும் சீட்டைக் கண்டு மயங்க வேண்டாம். அது அமெரிக்க ராணுவத்தின் 810 என்ற சோதனை முறை. அதில் எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்று தேர்ந்தெடுப்பது தயாரித்தவர்களேதான். ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை.

எந்த பிராண்ட் நல்லது என்று கேட்டால், யார் கையில் இருக்கப்போகிறது என்று திருப்பிக் கேட்பேன். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாற்றிய தையற்காரர் ஒருவர், எம்பிராய்டரி டிசைன் போட லேப்டாப் வைத்திருந்தார். சூடு தாங்காமல் அடிக்கடி அணைந்தது. மின்விசிறிக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவே நூல் பிசிறு கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது, இடுக்கியால் உரித்தெடுத்தேன். அப்படிப்பட்ட இடத்துக்கு, 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர் முதல் விசிறியே இல்லாமல் வரும் ஏர் வகைகள் பொருத்தம். உடம்பும் அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்தது. ஆனால் அதன் ரேமையும் சேமிப்பகத்தையும் பின்னால் கூட்ட முடியாது. எல்லாம் மதர்போர்டிலேயே பற்றவைத்தது, அது போனால் தகவலும் அதோடு போகலாம்.

டெல் எக்ஸ்பிஎஸ் 13-இலும் ரேம் போர்டில் பற்றவைத்ததுதான். திங்க்பேட், 1992-இல் ஐபிஎம் தொடங்கி 2005-இல் லெனோவோவிடம் வந்த பெயர். அதில் எல்லாமே பிரிக்க எளிது என்று ஒரு பேச்சு உண்டு. மெல்லிய எக்ஸ்1 கார்பனில் ரேமை மாற்ற முடியாது. ஒரே பிராண்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

விலை விசாரிக்கும்போதே பேட்டரி எவ்வளவு, டிஸ்ப்ளே எவ்வளவு என்றும் கேட்டு வையுங்கள். டிஸ்ப்ளே விலையைக் கேட்டதும் லேப்டாப்பையே எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் பலர். என் மேசையில் இருப்பது 2018-இல் வந்த திங்க்பேட் டி480, பார்க்கக் கறுப்பு டப்பா. இரண்டு ரேம் இடங்கள், வெளியிலிருந்தே கழற்றும் ஒரு பேட்டரி. எழுத்துகள் தேய்ந்துவிட்டன, கீல் இன்னும் ஆடவில்லை.

ஆசிரியையின் நட்டுகளை எபாக்சி வைத்துப் பதித்துக் கொடுத்தேன். ஆறு மாதம் தாங்கலாம் என்று சொல்லித்தான் காசு வாங்கினேன்.